நாலு மூலை மஞ்சள்

எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்து முடித்ததும் கட்டுக் கட்டாகப் பிரித்து அடுக்குவது என் வேலை. ஒவ்வொரு கட்டிலும் மேல் தாளின் நாலு மூலைக்கும் மஞ்சள் தொட்டு வைப்பது என் மனைவியின் வேலை. அதற்கென்றே ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் மேஜையில் இருந்தது. வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் தாங்களே வைத்துக்கொள்வார்கள்தான். ஆனாலும் நல்ல காரியத்துக்கு என்று வெளியே போகிற தாள் எதுவும் வெறும் மூலையோடு போகக் கூடாது என்பாள். காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கருமாதிப் பத்திரிகை அடிக்கிற அன்று மட்டும் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள்.

கடை புதுக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் தெரியாதவர்களுக்கு: மரச் சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்ற இடத்தை அடைத்து, மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் கீழே இருக்கிற தாளில் படம் விழும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். மஞ்சப்பை, பத்திரிகை, கடைப் பெயர் போட்ட சாவிக்கொத்து, எல்லாம் இதில்தான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. பரீட்சைதான் எனக்குப் பயம். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்த பிறகும் பெயரைச் சரியாக எழுதினேனா என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன். இந்தச் சுபாவத்துக்குப் படிப்பு ஒத்துவராது என்று எனக்கே தெரிந்தது. சொந்தக்காரர் ஒருவரோடு சென்னைக்குப் போய் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் சேர்ந்தேன்.

அங்கேதான் அந்த ஓவியர் வந்தார். அட்டை மாதிரி கனமான, துணி மாதிரி மெத்தென்ற தாளைக் கட்டாகக் கொண்டுவந்தார். அவர் போட்ட படங்களைப் பார்த்து பட்டறையில் எல்லோரும் சிரித்தோம். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிற ஷாம்பு பாக்கெட், கோலி சோடா பாட்டில், சாம்பிராணி டப்பா, பல்பொடிப் பொட்டலம். இருப்பதை அப்படியே பெரிதாக்கி, ரோஸும் பச்சையும் கண்ணைக் குத்துகிற மாதிரி. இதற்குப் பாப் ஆர்ட் என்று பெயர், பெரிய ஊர்களில் இதை ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தேடி வாங்கிச் சேர்க்கிற ஆட்கள் உண்டு என்றார். ஷாம்பு பாக்கெட்டை முழுசாக வாங்கினாலே அவ்வளவு ஆகாதே என்று எங்கள் மேஸ்திரி கேட்டார்.

ஒரு படத்துக்கு ஐம்பது தாள்தான் அடிக்க வேண்டும். நிறம் பிசகியவற்றை அவரே கிழித்துப்போட்டார். தேறிய ஒவ்வொன்றிலும் படத்துக்குக் கீழே, இடது மூலையில் பென்சிலால் எண், வலது மூலையில் பென்சிலால் கையெழுத்து. ஐம்பதில் இது ஏழாவது, ஐம்பதில் இது இருபதாவது என்று. எல்லாம் முடிந்ததும் சட்டத்தைக் கொண்டுவரச் சொல்லி, மருந்து போட்டுத் தேய்த்து வலையை வெறுமையாக்கச் சொன்னார். படம் கரைந்து தொட்டிக்குள் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். "இனிமே நீயே நெனச்சாலும் வராது தம்பி" என்றார்.

அந்தப் பேச்சு என்னை என்னவோ செய்தது. நான் அடித்த எதுவும் அதுவரை முடிந்ததே இல்லை. தேதி தப்பாக விழுந்தால் திரும்ப அடிக்க வேண்டும், பத்தவில்லை என்றால் திரும்ப அடிக்க வேண்டும். ராத்திரி படுத்தால் சட்டத்தைக் கழுவினேனா, மை மூடினேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். ஐம்பது என்று சொல்லி நிறுத்திய ஒரு காரியத்தைப் பார்த்தபோது, கவலைக்குக் கூட ஓர் எல்லை போடலாம் போலிருக்கிறதே என்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பும்போது அவர் எனக்கு ஒரு தாள் கொடுத்தார். ஷாம்பு பாக்கெட் சரம். அதில் எண் கிடையாது. கணக்கில் சேராத, ஓவியரே தனக்கென்று வைத்துக்கொள்கிற தாள். எண் போடுகிற மூலையில் 'தம்பிக்கு' என்று எழுதியிருந்தார்.

கல்யாணமாகி, கடை வைத்து, கையில் போன் வந்த பிறகு அவர் படங்களை விற்கிற சென்னைக் கடை ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொண்டேன். அந்தப் பெட்டிக்கடை வரிசையில் பன்னிரண்டு படங்கள். என்னிடம் இருந்த ஒன்று போக மற்ற பதினொன்றையும் பல வருஷத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஓவியர் காலமானதும் விலை ஏறியது. எனக்கு அதில் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை. ஏறியது இறங்கிவிடுமே என்றுதான் தோன்றியது. மடிப்பு விழுந்தால் போச்சு, வெயில் பட்டால் போச்சு, படத்தைச் சுற்றியிருக்கிற வெள்ளை ஓரத்தை வெட்டினால் போச்சு, பென்சில் எழுத்து மங்கினால் தாளே போச்சு. சுவரில் ஒன்றுகூட மாட்டியதில்லை. பட்டர் பேப்பரில் சுற்றி, தட்டையான அட்டைப் பையில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். கரையான் வந்திருக்குமோ என்று திறந்து பார்ப்பேன். திறந்ததால் ஈரக்காற்று போயிருக்குமோ என்று அதற்கு ஒரு கவலை.

என் மனைவி என்னைக் கேலி செய்வாள். "சாம்பிராணி வாங்கிட்டு வாங்கன்னா சாம்பிராணி டப்பா படத்த வாங்கிட்டு வாரீங்க. பொக எங்கிட்டிருந்து வரும்?" ஆலங்குடியிலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டையோடு வருகிற அவள் அண்ணன், சோடா பாட்டில் படத்தைக் காட்டினால் கோலியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் ஒருநாளும் அவள் அந்த அட்டைப் பையைத் தொட்டதில்லை. தூசி தட்டும்போதுகூட என்னைக் கூப்பிடுவாள்.

மார்பில் கட்டி இருப்பதை அவள் ரொம்ப நாள் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன ஆவேன் என்று பயந்தாளாம். உலகத்தில் இல்லாத வியாதிக்கெல்லாம் கவலைப்பட்டவன், பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு இருந்ததைக் கவனிக்கவில்லை. திருச்சியில் ஆபரேஷனும் முடி கொட்டுகிற மருந்தும் காப்பீட்டு அட்டையில் முடிந்தன. அதற்குப் பிறகு போட வேண்டிய ஓர் ஊசி அதில் வரவில்லை. சில வாரத்துக்கு ஒரு தடவை, நிறுத்தாமல் போட வேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "ஒங்க படத்தையெல்லாம் எடுத்துக் குடுத்தா இதுக்குக் காணுமாங்க?" காணும் என்றேன். அது உண்மைதான். அன்றைக்கு இருந்த விலைக்கு ஊசிக்கும் போக மிஞ்சியிருக்கும்.

விலை மதிப்பவர் ஒரு பெண். சென்னையிலிருந்து மாதம் ஒரு தடவை திருமயம் பக்கம் வருவார். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் பழைய படம், கண்ணாடி, பீங்கான் என்று பார்த்து விலை சொல்லுகிறவர். திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். முந்தின நாளே பதினொரு தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஷாம்பு பாக்கெட் சரத்தைச் சேர்க்கவில்லை. அது கடையில் மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. அதை மட்டும் விற்க மனம் வரவில்லை.

காலையில் அட்டைப் பையைக் கட்டில்மேல் எடுத்து வைத்துவிட்டு, அவருக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்குப் போய் நின்றேன். கார் வரத் தாமதமானது. அழைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், கட்டில், பெஞ்சு, தரையில் விரித்த பாய் என்று எங்கே பார்த்தாலும் தாள்கள். அப்பளம் காயப்போட்ட மாதிரி பரத்தி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் நாலு மூலைக்கும் மஞ்சள். பென்சில் எண்மேல் ஒரு பொட்டு, கையெழுத்துமேல் ஒரு பொட்டு. தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, பொட்டைச் சுற்றித் தாள் உப்பியிருந்தது.

அவள் குளித்து, நல்ல சேலை கட்டி, முடி போன தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளை அப்படிப் பார்த்தேன்.

"வாங்கம்மா. பொண்ணு பாக்க வார மாதிரி எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேன்" என்றாள். "மஞ்ச இன்னும் ஈரம். பாத்துத் தொடுங்க."

அந்தப் பெண் செருப்பைக் கழற்றி, கை கழுவி, பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து ஒரு கையில் மாட்டியிருந்தார். இன்னொன்றை மாட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்தேனா, என்ன செய்தேன், ஒன்றும் நினைவில் இல்லை. பிறகு அவர் குனிந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்தார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"நல்ல வெல வருமாம்மா?" என்று இவள் கேட்டாள்.

"வெளிச்சமே படாம வச்சிருக்காருங்க. கலர் அப்படியே இருக்கு" என்றார் அவர். அது பொய்யில்லை. இவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

வெளியே கார்ப் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னார். வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்த இரண்டு மூலைகளைத்தான். அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்ப்பார்கள். மஞ்சளை எடுக்க முடியாதா என்று கேட்டேன். வெயிலில் காட்டினால் மஞ்சள் போகும், கூடவே படத்தின் நிறமும் போகும் என்றார். மருந்து போட்டால் தாள் போகும். ஓரத்தை வெட்டினால் அது காலண்டர். விரல் பட்டுப் பென்சில் இழுபட்டதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இப்போது இருக்கிற நிலையில், வீட்டு அலங்காரத்துக்கு என்று யாராவது கேட்டால் கொடுக்கலாம். அவர் சொன்ன தொகை எங்களுக்குத் திருச்சி போய்வருகிற செலவுக்குச் சரியாக இருக்கும்.

"நேத்து நீங்க அனுப்பின போட்டோல சுத்தமா இருந்துச்சே சார்."

"காலையிலதான். நான் ரோட்டுக்கு வந்தப்ப."

அவர் காரின் கதவைத் திறந்தார். உள்ளே வந்து, நல்ல விலைக்குப் போகிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் தொழில்ல ஒரு தடவ விலைய மாத்திச் சொன்னா அவ்வளவுதான் சார். என்னால முடியாது." பிறகு, "நீங்க சொல்லுங்க. என்கிட்ட யார் கேட்டாலும் நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

தாள்களை நான்தான் அடுக்கிக் கட்டி அவர் காரில் வைத்தேன். வீட்டில் வைத்துக்கொண்டு விற்றாயிற்று என்று சொல்ல முடியாதே. கார் திரும்பிப் போனதும் உள்ளே வந்து ஒரு தொகையைச் சொன்னேன். வாட்ஸ்அப் குழுவில் கடைசியாகப் பார்த்த விலை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "பாத்தீங்களா. மஞ்ச வச்சது வீண் போகல" என்றாள்.

விராலிமலைப் பக்கம் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. வயதான காலத்தில் பார்க்கலாம் என்று வாங்கிப்போட்டது. அவள் அண்ணனைப் பிடித்து அதை விற்றேன். எதற்கு என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பதிவு அலுவலகத்து வாசலில் நின்றுகொண்டு அவர் கேட்டார்: "தங்கச்சி எங்கிட்டிருந்து பணம் வந்துச்சுன்னு கேட்டா நான் என்ன மாப்ள சொல்ல?"

"சோடா பாட்டில் வித்ததுன்னு சொல்லுங்க மச்சான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

திருச்சி வார்டில் அவளுடைய பேச்சே மாறிவிட்டது. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், ஊசி போட வருகிற நர்ஸிடம், எல்லோரிடமும் சொன்னாள். வீட்டுக்காரர் படம் வாங்கும்போதெல்லாம் திட்டினேன், இன்றைக்கு அந்தப் படம்தான் எனக்கு ஊசி போடுகிறது என்று. அண்ணன் வீட்டிலோ யாரிடமோ கையேந்தாமல் வைத்தியம் நடக்கிறது என்பது அவளுக்குச் சோறு மாதிரி ஆகிவிட்டது. வாந்தி எடுத்துவிட்டு வந்து படுத்தாலும் அதைச் சொல்லிக்கொண்டே தூங்குவாள். என்னைப் பற்றி அவள் பெருமையாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான். கேட்கக் கேட்க எனக்குக் கவலை கூடும். அண்ணன் வாய் தவறிவிடுவாரோ, மனையை விற்றது பற்றி வீட்டு விலாசத்துக்கு ஏதாவது வந்துவிடுமோ, அந்தச் சென்னைப் பெண் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க போன் செய்து, அதை இவள் எடுத்துவிடுவாளோ என்று. போனைச் சட்டைப் பையை விட்டு எடுப்பதே இல்லை.

அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இதை இப்போது எழுத முடிகிறது என்றால் அதனால்தான்.

மனை விற்ற பணம் கரைந்துகொண்டு வந்த சமயம், ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி கேட்கவில்லை, வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்றார் டாக்டர். அது இன்னும் விலை. அவள் அசரவில்லை.

"கடையில ஒண்ணு இருக்குல்ல. ஷாம்பு பாக்கெட்டு. அந்தம்மாவ வரச் சொல்லுங்க" என்றாள்.

அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். மேஜை இழுப்பறையைத் துடைக்கும்போது பார்த்திருக்கிறாள், எனக்குப் பிடித்தது என்று கேட்காமல் விட்டிருக்கிறாள். அந்தம்மா ஊரில் இல்லை என்றேன். வரும்போது வரட்டும், தாளை வீட்டுக்குக் கொண்டுவாங்க, கிண்ணத்தையும் கொண்டுவாங்க, போன தடவை மாதிரி நான் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றாள்.

கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு என்னென்னவோ யோசித்தேன். அதே மாதிரி வேறு தாளில் ஒன்று அடித்துக் கொண்டுபோகலாமா என்றுகூட. நிறம் கலந்து சட்டம் ஏற்ற நாலு நாள் ஆகும், நமக்கு அந்தக் கை வராது. அதுவும் விற்றுவிட்டது, ஆள் வந்து கடையிலேயே வாங்கிப் போய்விட்டார்கள் என்று சொல்லலாமா என்றால், மஞ்சள் வைக்காமல் கொடுத்தீர்களா என்று கேட்பாள். விலை குறைந்தால் அதனால்தான் என்று மனசு விட்டுப்போவாள். எப்படிச் சொன்னாலும் ஒரு பொய் போதவில்லை. வழியில் ஏதாவது தோன்றும் என்று தாளையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

அவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. தாளைக் கீழே வைத்தால் குனிய முடியாது என்பதால் நான் இரண்டு கையாலும் அவள் முன்னால் பிடித்துக்கொண்டேன். மேல் மூலை இரண்டுக்கும் வைத்தாள். கீழே வலது மூலைக்கு வைத்தாள். கையெழுத்து அதற்குள் போனது. அடுத்த மூலைக்கு விரலைக் கொண்டுவந்தவள் நிறுத்தினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள்.

"தம்பிக்குன்னு எழுதியிருக்குங்க. ஒங்களுக்கா?"

"ஆமா."

"இது மேலயுமா வைக்கிறது?"

 அவள் விரலில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு வச்ச தாள்லயும் இந்த எடத்துல என்னமோ எழுத்து இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "நான் அதப் பாக்காமயே வச்சேன். அந்தம்மா ஒத்தக் கையில மட்டும் உறையோட நின்னுச்சே, அப்பவே நெனச்சேன். ஏங்க, நான் எதும் கெடுத்துட்டனா?"

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் தவிர அவள் முகத்தில் அப்போது வேறொன்றும் மிச்சமில்லை. பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவனை அவள் பார்வை அந்தக் கேள்வியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

"அது மேல வச்சதுனாலதான் அந்தம்மா மறு பேச்சு இல்லாம எடுத்துட்டுப் போச்சு" என்றேன். "எண்ணு தெரியக் கூடாது. அதான் அவங்க கணக்கு. வை."

நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, விரலைக் கிண்ணத்தில் மறுபடி நனைத்து, அந்த எழுத்தின்மேல் வைத்தாள். நுனி மரத்திருந்ததால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுத்து இழுபட்டுக் கறுப்பும் மஞ்சளுமாகக் கலங்கியது. முடிந்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, படுக்க வேண்டும் என்றாள். தலையணையை நகர்த்திக் கொடுக்கப் போனால் வேண்டாம் என்று தடுத்தாள்.

"மொதல்ல அதக் காய வைங்க. மடிஞ்சிரப் போகுது."

தாளை வைக்க இடம் தேடினேன். பெஞ்சில் மாத்திரையும் துணியும் கிடந்தன. தரை ஈரமாக இருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்தபடி, அது காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.